கம்பியைக் கடிக்கும் ஹாம்ஸ்டர்

இரவு பதினொரு மணி. விளக்குகளை அணைத்தாயிற்று. தெருக்கோடியில் கடைசிப் பேருந்தும் போய்விட்டது. அப்போது கூடத்து மூலையிலிருந்து மெல்ல ஓர் ஓசை கிளம்புகிறது. ‘கிர்ர்... கிர்ர்... டிங்!’ சிறிது நேரம் அமைதி. மீண்டும் ‘கிர்ர்... டிங்!’ யாரோ ஓர் இரும்புக் கம்பியை அரத்தால் ராவிக்கொண்டே, இடையிடையே அதைச் சுண்டியும் பார்ப்பது போன்ற ஓசை.

உங்கள் வீட்டில் ஹாம்ஸ்டர் இருந்தால் இதற்கு மேல் நான் விவரிக்க வேண்டியதில்லை. இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தச் சின்னஞ்சிறு பிராணி, தன் கூண்டின் கம்பியைப் பல்லால் பற்றிக் கடிக்கிறது. ஏதோ ஒரு நாள் அல்ல, நாள்தோறும். ஐந்து நிமிடம் அல்ல, சில சமயம் மணிக்கணக்காக.

இதை நிறுத்த முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால் அது ஏன் கடிக்கிறது என்று தெரியாமல் நிறுத்த முடியாது. அந்தக் காரணத்தை நான் மூன்று முறை தவறாக ஊகித்தேன். விலங்கியல் ஆசிரியர் எழுத வேண்டியதை இயற்பியல் ஆசிரியன் எழுத வந்ததற்கு அந்த மூன்று தவறுகளே காரணம்.

2023 ஏப்ரலில், ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, ஒன்பதாம் வகுப்பு எழுதியிருந்த என் மகள் ஒரு ஹாம்ஸ்டர் வாங்கி வந்தாள். பொன்னிறம், வயிறு வெள்ளை, இரண்டு கண்களும் இரண்டு மிளகுகள். ஆகவே பெயரும் ‘மிளகு’ என்றே அமைந்துவிட்டது. கடைக்காரர் அதனை ‘வெள்ளெலி’ என்று சொல்லி விற்றாராம். நம் மானாவாரி நிலங்களில் வளை தோண்டி வாழும் வெள்ளெலி வேறு, இது வேறு. பிராணியோடு கூண்டும் அங்கேயே வாங்கியது: 45 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மரத்தூள், மூலையில் ஒரு சிறிய சுழல் சக்கரம். “இதுக்கு இது போதும் சார், ஜாஸ்தி” என்றாராம் கடைக்காரர்.

மூன்றாம் நாள் இரவு ஓசை தொடங்கியது.

மூன்று ஊகங்கள்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் செய்தது மிளகுக்காக அல்ல, என் தூக்கத்துக்காக. வீணையின் தந்தி தனியே அதிர்ந்தால் ஓசை மெலிதாகவே கேட்கும். குடமும் சேர்ந்து அதிர்வதால்தான் அது கூடம் முழுவதும் கேட்கிறது. கூண்டு நின்றிருந்தது ஒரு பலகை மேசையின் மேல். கம்பியின் அதிர்வை மேசைப் பலகை வாங்கிப் பெருக்கிக்கொண்டிருந்தது. எனவே கூண்டின் அடியில் ஒரு கம்பளியை நான்காக மடித்து வைத்தேன். ஓசை பாதியாகக் குறைந்தது. அன்றிரவு நான் தூங்கினேன். மிளகு தூங்கவில்லை, கடித்துக்கொண்டேதான் இருந்தது. மறுநாள் என் மகள் கேட்டாள்: “அப்பா, உங்களுக்குக் கேக்காம இருந்தா அது கடிக்கலைன்னு ஆயிடுமா?”

அதன் பிறகே காரணத்தைத் தேடத் தொடங்கினேன். எனது முதல் ஊகம் பல். எலிகளின் முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் அவை எதையாவது கொறித்துத் தேய்க்க வேண்டும் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். தேய்க்க வேறு பொருள் இல்லாததால் கம்பியைக் கடிக்கிறது என்று முடிவு செய்து, தோட்டத்திலிருந்து ஒரு கொய்யாக் கிளையை வெட்டிக் கழுவி உள்ளே வைத்தேன். மிளகு அதன் பட்டையை அழகாக உரித்தது. அரைமணி நேரம் வேலை பார்த்தது. பிறகு போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது ஊகம் பசி. கடிக்கத் தொடங்கியதும் ஒரு சூரியகாந்தி விதையை நீட்டினேன். உடனே நிறுத்திவிட்டது! எனக்கு ஒரே மகிழ்ச்சி. நான்கைந்து நாட்களில் புரிந்தது, நான் மிளகைப் பழக்கவில்லை, மிளகு என்னைப் பழக்கியிருக்கிறது என்று. கம்பியைக் கடித்தால் ஓர் ஆள் எழுந்து வந்து விதை தருவான் என்பதை அது கற்றுக்கொண்டுவிட்டது. முன்பு பதினொரு மணிக்குத் தொடங்கியது இப்போது ஒன்பதரைக்கே தொடங்கியது.

மூன்றாவது ஊகம் குறும்பு. இதைச் சொல்ல எனக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. கம்பிகளில் வேப்பெண்ணெய் தடவினேன். மிளகு ஒரு முறை கடித்தது, முகத்தை இரண்டு கைகளாலும் துடைத்துத் துடைத்து எடுத்தது, பிறகு எண்ணெய் படாத மேல்வரிசைக் கம்பிக்கு ஏறிப்போய் அதைக் கடித்தது. அன்று அதன் மூக்கின்மேல் இருந்த முடி தேய்ந்து ஒரு ரூபாய்க் காசில் பாதி அளவுக்குத் தோல் தெரிவதை என் மகள்தான் முதலில் பார்த்தாள். கம்பிகளுக்கு இடையில் மூக்கை நுழைத்து நுழைத்து ஏற்பட்ட தேய்வு அது. கூண்டைக் கழுவி எண்ணெயைப் போக்கினோம். இனி ஊகிப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

பல் என்னும் உளி

முதலில் பல்லைப் பற்றிய என் கணக்கு எங்கே தவறியது என்று பார்ப்போம். ஹாம்ஸ்டருக்கு மொத்தம் 16 பற்கள். அவற்றுள் முன்னால் இருக்கும் நான்கு வெட்டும் பற்கள், மேலே இரண்டு, கீழே இரண்டு, ஆயுள் முழுவதும் வளர்பவை. எலியின் வெட்டும் பற்கள் வாரத்திற்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் வளர்கின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் விரல் நகம் அவ்வளவு வளர மூன்று வாரங்களாவது ஆகும்.

தச்சர் வைத்திருக்கும் உளியைப் பார்த்திருப்பீர்கள். அதன் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சாய்வு. வெட்டும் பல்லும் அப்படித்தான். அதன் முன்பக்கத்தில் மட்டும் எனாமல் என்னும் மிகக் கடினமான படலம் உண்டு. பின்பக்கம் முழுவதும் அதைவிட மிருதுவான டென்டைன். இரண்டும் சேர்ந்து உராயும்போது பின்பக்கம் விரைவாகத் தேய்கிறது, முன்பக்கம் மெதுவாகத் தேய்கிறது. ஆகவே முனையில் எப்போதும் ஒரு கூரிய விளிம்பு நிற்கும். தேயத் தேயக் கூராகும் உளி! தச்சரின் உளியைச் சாணைக்குக் கொடுக்க வேண்டும். இதற்குச் சாணைக்கல்லும் வாயிலேயே இருக்கிறது. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று உரசியே தம்மைத் தேய்த்துக்கொள்கின்றன. சாதாரண உணவும் ஏதாவது ஒரு மரத்துண்டும் இருந்தால் பல் அளவோடு இருக்கும். அதற்கு இரும்புக் கம்பி தேவையே இல்லை.

தேவை இல்லை என்பது மட்டுமல்ல, கெடுதலும் கூட. பொருள்களின் கடினத்தன்மையை ஒப்பிட மோ அளவை என்று ஒன்று இருப்பதைப் படித்திருப்பீர்கள். அதில் எனாமல் 5, மெல்லிரும்பு 4. அப்படியானால் பல் வெல்ல வேண்டுமே என்று கேட்பீர்கள். கடினமாக இருப்பது வேறு, முறியாமல் இருப்பது வேறு. கண்ணாடி இரும்பைக் கீறும். ஆனால் சுத்தியலால் தட்டினால் உடைவது கண்ணாடிதானே? கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து நெம்பும்போது பல் சில்லாகப் பெயரலாம், ஒடியலாம், வளைந்து வளரலாம். வளைந்த பல் எதிர்ப்பல்லோடு உரசாது. உரசாவிட்டால் தேயாது. பிறகு அது தாடைக்குள் புகும் அளவுக்கு வளர்ந்து, பிராணி உண்ண முடியாமல் போகும். உங்கள் ஹாம்ஸ்டர் உணவை எடுத்துவிட்டுக் கீழே போடுகிறது, வாயோரம் ஈரமாக இருக்கிறது, எடை குறைகிறது என்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். நகவெட்டியை எடுத்துக்கொண்டு நீங்களே உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஆக, பல்லுக்காகக் கடிக்கவில்லை. பின் எதற்காக? இந்தக் கேள்விக்கு விடை எங்கள் கூடத்தில் இல்லை. சிரியா நாட்டில் இருந்தது.

அலெப்போவின் வயல்களில்

பொன்னிற ஹாம்ஸ்டரின் சொந்த ஊர் சிரியாவின் வடக்கே அலெப்போ நகரைச் சுற்றியுள்ள சமவெளி. துருக்கியின் தென் எல்லையிலும் கொஞ்சம் உண்டு. 1839-ஆம் ஆண்டில் வாட்டர்ஹவுஸ் என்ற ஆங்கில விலங்கியலார் அதனை முதன்முதலாக விவரித்தார். அதன் பிறகு நெடுங்காலம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 1930-இல் ஜெருசலேமில் சால் ஆட்லர் என்ற விஞ்ஞானி, கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசார் போன்ற நோய்களை ஆராய ஒரு சிறு விலங்கைத் தேடிக்கொண்டிருந்தார். சீனாவிலிருந்து வந்த ஹாம்ஸ்டர்கள் அவரிடம் இனப்பெருக்கம் செய்யவில்லை. எனவே அஹரோனி என்ற விலங்கியலார் அலெப்போவுக்குச் சென்று, ஒரு வயலைத் தோண்டச் செய்து, ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் கண்டெடுத்தார்.

இங்கேதான் நமக்கு வேண்டிய செய்தி வருகிறது. ஜெருசலேமுக்குக் கொண்டுவந்த குட்டிகளை மரத்தாலான அடித்தளம் கொண்ட ஒரு கூண்டில் விட்டார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் பலகையைக் கொறித்துத் துளையிட்டு ஐந்து குட்டிகள் வெளியேறியிருந்தன! எஞ்சியிருந்த சிலவற்றின் வழித்தோன்றல்களே உலகெங்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் வீடுகளுக்கும் பரவின. மிளகும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும். கூண்டில் வாழ்ந்த முதல் இரவிலேயே அந்தப் பரம்பரை என்ன செய்தது பாருங்கள். அது குறும்பா, பசியா, பல்வலியா? வெளியேற முயன்றது, அவ்வளவுதான்.

வெளியேறி எங்கே போக? இதற்கு விடை 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் கிடைக்கிறது. காட்டர்மன் என்ற ஜெர்மானிய விலங்கியலாரும் அவருடைய குழுவினரும் அலெப்போ வயல்களில் ஹாம்ஸ்டர் வளைகளைத் தோண்டி அளந்தார்கள். வளைகளின் ஆழம் 36 சென்டிமீட்டர் முதல் 106 சென்டிமீட்டர் வரை இருந்தது. சராசரி 65 சென்டிமீட்டர். ஒவ்வொரு வளையிலும் ஒரே ஒரு வளர்ந்த ஹாம்ஸ்டர். கன்னத்தில் உள்ள பைகளில் தானியத்தை அடைத்துக்கொண்டு வந்து அங்கே சேமிக்கும், அங்கே உறங்கும், அங்கே குட்டி போடும். மண்ணுக்கு மேலே அது இருக்கும் நேரம் மிகக் குறைவு. நம் வரப்புகளில் நெற்கதிரைச் சேமிக்கும் வயல் எலியை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது.

ஏன் இவ்வளவு ஆழம்?

இங்கே இயற்பியல் ஆசிரியனுக்குச் சற்று இடம் கொடுங்கள்.

பகலில் நிலத்தின் மேற்பரப்பு சுடுகிறது, இரவில் குளிர்கிறது. இந்த ஏற்ற இறக்கம் ஓர் அலையைப் போல மண்ணுக்குள் இறங்குகிறது. ஆனால் இறங்க இறங்க அது மெலிகிறது. மண்ணின் தன்மைக்கும் ஈரத்துக்கும் ஏற்ப மாறும் என்றாலும், ஏறத்தாழ ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேற்பரப்பில் பகலுக்கும் இரவுக்கும் 20 டிகிரி வேறுபாடு என்றால், 10 சென்டிமீட்டர் ஆழத்தில் சுமார் 7 டிகிரி. 20 சென்டிமீட்டரில் இரண்டு டிகிரிக்குச் சற்று அதிகம். 30 சென்டிமீட்டரில் முக்கால் டிகிரி. 40 சென்டிமீட்டரில் கால் டிகிரி. அதாவது, அந்த ஆழத்தில் பகலும் இல்லை, இரவும் இல்லை!

இப்போது காட்டர்மன் குழுவினர் அளந்த எண்களை மீண்டும் பாருங்கள். அவர்கள் கண்டவற்றுள் ஆழம் குறைந்த வளையே 36 சென்டிமீட்டர். நாளின் வெப்ப அலை ஓய்ந்துபோகும் இடத்தில்தான் ஹாம்ஸ்டரின் வீடு தொடங்குகிறது. இது தற்செயலாக இராது என்றே எனக்குத் தோன்றுகிறது. பருந்துக்கும் நரிக்கும் எட்டாத ஆழம் என்ற நன்மையும் இதோடு சேர்கிறது.

65 சென்டிமீட்டர் ஆழத்தில் வாழும்படி அமைந்த பிராணிக்கு நாங்கள் கொடுத்திருந்தது இரண்டு விரற்கடை மரத்தூள். அது தோண்டும், உடனே பிளாஸ்டிக் தட்டு நகத்தில் தட்டும். வேறு மூலைக்குப் போய்த் தோண்டும், அங்கும் தட்டு. கடைசியில் கம்பிக்கு வரும். சுவிட்சர்லாந்தில் 1990-களில் ஆய்வகச் சுண்டெலிகளை நாட்கணக்கில் கவனித்தவர்கள், அவற்றின் கம்பிக் கடியும் கூண்டைவிட்டு வெளியேறும் முயற்சியாகவே தொடங்குகிறது என்று கண்டார்கள். முயற்சி பலிக்காமல் பல நாள் தொடரும்போது, அது நோக்கம் இழந்து, ஒரே அசைவாகத் திரும்பத் திரும்ப நடக்கும் வழக்கமாக இறுகிவிடுகிறது. மிருகக்காட்சிசாலையில் புலி ஒரே தடத்தில் இப்படியும் அப்படியும் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கட்டிப்போட்ட யானை நின்ற இடத்திலேயே தலையை ஆட்டி ஆட்டி அசைவதையும் பார்த்திருப்பீர்கள். யானை மகிழ்ச்சியாக ஆடுகிறது என்று நாம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். மிளகின் ‘டிங்’ ஓசையும் அந்த ஆட்டமும் ஒரே குடும்பம்.

நாற்பத்தைந்து ஹாம்ஸ்டர்கள்

“எல்லாம் சரி, ஆழம்தான் காரணம்னு எப்படி நிச்சயமா சொல்றது?” என்று கேட்டாள் என் மகள். நல்ல கேள்வி. ஒரே சமயத்தில் நான்கு விஷயங்களை மாற்றிவிட்டு, அவற்றுள் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் ஓம் விதியைச் சரிபார்க்கும்போது மின்னழுத்தத்தை மட்டும் மாற்றுகிறோம். கம்பியின் வெப்பநிலையை மாறாமல் வைத்துக்கொள்கிறோம் அல்லவா?

அப்படி ஒன்றை மட்டும் மாற்றிய ஆய்வு ஒன்றை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்டார்கள். 45 பொன்னிற ஹாம்ஸ்டர்கள். 15 வீதம் மூன்று குழுக்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுக் கூண்டு, ஒரே அளவுச் சக்கரம். மாறியது மரச்சீவலின் ஆழம் மட்டுமே: முதல் குழுவுக்கு 10 சென்டிமீட்டர், இரண்டாவதற்கு 40, மூன்றாவதற்கு 80. விளைவு? 10 சென்டிமீட்டர் குழுவே கம்பியை மிக அதிகமாகக் கடித்தது. 80 சென்டிமீட்டர் குழுவில் கம்பிக் கடி காணப்படவே இல்லை.

அடுத்த ஆண்டு, 2007-இல், அதே ஊரிலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. இதில் மாறியது கூண்டின் பரப்பு. மிகச் சிறியது 1800 சதுர சென்டிமீட்டர். மிகப் பெரியது 10,000. சிறிய கூண்டில் இருந்தவை அதிக முறையும் அதிக நேரமும் கடித்தன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மிகப் பெரிய கூண்டிலும் கடிப்பது அடியோடு மறையவில்லை. பரப்பு உதவுகிறது, ஆழம் அதைவிட உதவுகிறது போலும். எங்கள் கூண்டின் பரப்பு என்ன தெரியுமா? 45-ஐ 30-ஆல் பெருக்குங்கள். 1350! ஆய்வில் மிகச் சிறியது என்று வைத்த கூண்டைவிடவும் சிறியது.

பெட்டியும் நிரப்புவதும்

நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் கிடந்த பழைய மீன்தொட்டி எங்களுக்குக் கிடைத்தது. நீளம் 120, அகலம் 45, உயரம் 45 சென்டிமீட்டர். ஒரு பக்கக் கண்ணாடியில் நீர் கசிவதால் மீனுக்கு உதவாது, ஹாம்ஸ்டருக்கு உதவும். மேலே மூட மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்துக்கொண்டோம். வலை கட்டாயம் வேண்டும். கண்ணாடியால் மூடினால் காற்று போகாது. தொட்டி கிடைக்காதவர்கள் ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து முன்பக்கம் மட்டும் கண்ணாடி வைக்கலாம். சிலவற்றுக்கு விளிம்பைக் கொறிக்கும் வழக்கம் உண்டு. மூலைகளில் பலகை நீட்டிக்கொண்டிராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதால் நிரப்புவது? தச்சுப் பட்டறைத் தூள் வேண்டாம். அதன் நுண்தூசி மூச்சுக்குழலைக் கெடுக்கும். என்ன மரம், என்ன மெருகெண்ணெய் என்றும் தெரியாது. பைன், தேவதாரு போன்ற வாசனை மரங்களின் சீவலும் ஆகாது. கூடு கட்டட்டும் என்று பஞ்சு கொடுப்பவர்கள் உண்டு. பஞ்சிழை காலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் குடலை அடைக்கும். நாங்கள் அச்சடிக்காத தாள்களை நீளநீளமாகக் கிழித்தோம். வீட்டில் எல்லோரும் இரண்டு நாள் இதே வேலை! இதனுடன் சுத்தமான காய்ந்த வைக்கோலை நறுக்கிக் கலந்தோம். வைக்கோல் எதற்கு? வெறும் காகிதத்தில் தோண்டிய சுரங்கம் சரிந்துவிடும். கான்கிரீட்டுக்குள் கம்பி போல வைக்கோல் குறுக்கே கிடந்து அதைத் தாங்கும். கையால் நன்றாக அழுத்தி, ஒரு பாதியில் 30 சென்டிமீட்டர் ஆழமும் மறு பாதியில் 10 சென்டிமீட்டரும் வரும்படி நிரப்பினோம். 80 சென்டிமீட்டர் கொடுக்க முடியவில்லை. முடிந்தவர்கள் கொடுங்கள்.

சக்கரத்தையும் மாற்றினோம். பழைய சக்கரத்தின் விட்டம் 15 சென்டிமீட்டர். அதில் ஓடும்போது மிளகின் முதுகு பின்புறமாக வில்லாய் வளைந்தது. இப்போது 28 சென்டிமீட்டர் விட்டம். கால் சிக்காதபடி உட்புறம் இடைவெளியற்ற தளம். சக்கரம் கூண்டு விலங்கின் சலிப்புக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். 2014-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் திறந்த வெளியில் ஒரு சக்கரத்தை வைத்தபோது, காட்டுச் சுண்டெலிகள் தாமாக வந்து ஓடிவிட்டுப் போயின! உங்களுக்கு ஒரு பயிற்சி: 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு 88 சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று? சைக்கிளில் பொருத்தும் தூரமானியின் காந்தத்தைச் சக்கரத்தின் ஓரத்தில் ஒட்டிவிட்டால், விடிந்ததும் இரவு ஓடிய தூரத்தைப் படித்துவிடலாம்.

ஒரு பெட்டிக்கு ஒரே ஒரு ஹாம்ஸ்டர்தான். தனியே இருந்தால் ஏங்குமே என்று இரக்கப்பட்டு இரண்டாவதை விடாதீர்கள். பொன்னிற ஹாம்ஸ்டர்கள் வளர்ந்தபின் ஒன்றையொன்று கடித்துக் கொன்றுவிடும்.

வெயில் காலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மண்ணின் ஆழம் ஏற்ற இறக்கத்தைத்தான் நீக்கும். சராசரியை நீக்காது என்பதை மேலே போட்ட கணக்கிலிருந்து நீங்களே கண்டிருப்பீர்கள். மே மாதத்தில் நம் ஊர் மாடி அறைகளின் சராசரியே 30 டிகிரியைத் தாண்டும். ஹாம்ஸ்டருக்கு ஏற்றது 20 முதல் 24 டிகிரி. தவிர, காகிதமும் மண் அல்ல. தொட்டியின் நான்கு பக்கமும் வெப்பம் நுழையும். எனவே பெட்டியை வீட்டிலேயே குளிர்ந்த அறையில், வெயில் படாத சுவரோரம், தரையில் வையுங்கள். உள்ளே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வாயில் வெட்டி வைத்தால் நண்பகலில் அதனுள் போய் ஒட்டிப் படுக்கும். மிகக் கடுமையான நாளில், உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் வெளிப்புறம் சாய்த்து வைக்கலாம். உடல் துவண்டு, மூச்சு வாங்கினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

குறிப்பேட்டிலிருந்து

என் மகள் ஒரு குறிப்பேடு வைத்திருந்தாள். தினமும் இரவு பத்து மணி முதல் பதினொரு மணி வரை, கடிக்கும் நேரத்தை நிறுத்துக்கடிகாரத்தால் அளந்து எழுதுவாள். பழைய கூண்டின் கடைசி வாரத்தில் 60 நிமிடங்களில் 20-க்குக் குறைந்த நாளே இல்லை.

புதிய பெட்டிக்கு மாற்றிய முதல் இரவு மிளகு தோண்டவே இல்லை. சக்கரத்தின் மேல் ஏறி, மேல்மூடி வலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அதைக் கடித்தது. எனக்குப் பெருத்த ஏமாற்றம். இரண்டாம் இரவும் அப்படியே. இறுகிப்போன வழக்கம் இடம் மாறிய உடனே விட்டுவிடாது. சிலவற்றில் கடைசிவரை ஓரளவு எஞ்சியும் இருக்கும். நாங்கள் சக்கரத்தை நடுவிலிருந்து நகர்த்தி, வலைக்கு எட்டாதபடி வைத்தோம். கடித்தால் யாரும் எழுந்து போவதில்லை என்றும் முடிவு செய்தோம். விதைகளைத் தட்டில் வைக்காமல், அது உறங்கும் வேளையில் வைக்கோலுக்குள் ஆங்காங்கே தூவினோம்; தேடி எடுத்துக்கொள்ளட்டும் என்று.

நான்காம் நாள் காலை மிளகைக் காணவில்லை. தொட்டியைச் சுற்றி வந்தோம். கண்ணாடியோரம் அடித்தளத்துக்கு மிக அருகில் ஒரு சிறு குழி. அதில் காகிதத்தைப் பந்தாகச் சுருட்டி, நடுவில் பொன்னிறமாக ஏதோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு குழி நிறைய சூரியகாந்தி விதை. அந்தக் கண்ணாடிப் பக்கத்தை உடனே ஒரு கறுப்பு அட்டையால் மூடினோம். மண்ணுக்குள் வெளிச்சம் ஏது?

குறிப்பேட்டில் எண்கள் குறையத் தொடங்கின. 18, 11, 12, 6, 4. மூன்றாம் வாரத்தில் தொடர்ந்து ஐந்து நாள் சுழியம். மூக்கில் முடி முளைத்துவிட்டது. நாங்கள் பரப்பு, ஆழம், சக்கரம் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றியதால் இது ஆய்வு ஆகாது. ஒரு வீட்டின் கணக்கு, அவ்வளவே. ஆனால் நடுவில் ஒரு தவறு நேர்ந்து, அதிலிருந்து ஒன்று கற்றோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுத்தம் செய்கிறேன் என்று நான் பழைய காகிதம் முழுவதையும் அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினேன். சுரங்கம், கூடு, சேமிப்பு எல்லாம் போயிற்று. அதற்குப் பழகிய வாசனையும் போயிற்று. அன்றிரவு 27 நிமிடம். அதன் பிறகு, சிறுநீர் கழிக்கும் மூலையை மட்டும் அடிக்கடி மாற்றுகிறோம். மற்றதில் ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடுவதில்லை.

பழைய கூண்டு இப்போது மாடியில் இருக்கிறது. அடுத்த தெருப் பையன் ஒருவன் ஹாம்ஸ்டர் வாங்கப் போவதாகவும், அந்தக் கூண்டைத் தர முடியுமா என்றும் கேட்டு வந்தான். என் மகள் அவனை உள்ளே அழைத்து, கறுப்பு அட்டையைச் சற்று விலக்கிக் காட்டினாள். பிறகு குறிப்பேட்டையும் ஓர் அளவுகோலையும் அவன் கையில் கொடுத்தாள். அவன் தன் வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான்.